ஜென் காருக்குள் எஸ்டீம் எஞ்சின்: வீட்டு முற்றத்தில் செய்ய விரும்புவோருக்கு

மாருதி ஜென் 1993 முதல் 2006 வரை விற்பனையான சிறிய கார். எங்கள் வீட்டில் இருப்பது 2001ஆம் ஆண்டு அப்பா வாங்கிய ஜென். பெங்களூரு மர்ஃபி டவுனில் வீட்டு வாசலையொட்டிய சிமெண்ட் முற்றத்தில் அது இன்றும் நிற்கிறது. அதன் எஞ்சின் 993 சிசி, 60 குதிரைத்திறன். அதே நிறுவனத்தின் எஸ்டீம் காரில் வந்த எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) எஞ்சினோ 1298 சிசி, 85 குதிரைத்திறன். சுமார் 750 கிலோ எடையுள்ள ஒரு காருக்கு இந்த 25 குதிரைத்திறன் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை ஓட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள். இரண்டு எஞ்சின்களும் சுஸுகியின் 'ஜி' குடும்பத்தைச் சேர்ந்த நான்கு சிலிண்டர் அலுமினிய எஞ்சின்கள் என்பதால், இந்தியாவில் வீட்டிலேயே எஞ்சின் மாற்ற நினைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி அமைவது அரிது. இருந்தும், எஞ்சினைத் தூக்கி உள்ளே வைப்பதுதான் வேலை என்று நினைத்துத் தொடங்குபவர்களின் கார்கள் பாதியிலேயே துணி போர்த்தி நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எஞ்சின் உள்ளே போவது ஒரு நாள் வேலை. அதற்கு முன்னால் காகிதமும் பிரேக்கும் ரேடியேட்டரும் சரியாக வேண்டும் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

முதலில் சட்டத்தைப் பற்றி. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி ஒரு வாகனத்தை உரிமையாளர் மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதிப்படுத்தியது. பழுதான எஞ்சினுக்குப் பதிலாக அதே வகை எஞ்சினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றுவது வேறு. 993 சிசி என்று பதிவான காரில் 1298 சிசி எஞ்சினை வைப்பது வேறு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. ஆகவே ஒரு ஸ்பானரைக்கூட எடுப்பதற்கு முன்னால், கார் பதிவாகியுள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குச் சென்று, எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்து, எழுத்துப்பூர்வமாகவே பதிலும் பெற்றுக்கொள்ளுங்கள். பதில் 'இல்லை' என்று வந்தால், இந்தக் காரைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. அதைப் பந்தயத் தடத்துக்கான காராக மட்டுமே வைத்துக்கொண்டு, லாரியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கோ கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ கொண்டுபோவதுதான் நேர்மையான வழி. ஜென் கார்கள் அனைத்தும் இப்போது 15 ஆண்டைத் தாண்டிவிட்டன. பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வாளர் எஞ்சின் எண்ணைப் பார்ப்பார். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து நாளில் இழப்பீட்டையே கேள்விக்குள்ளாக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். நான் எங்கள் காரைத் தடத்துக்கென்றே ஒதுக்கிவிட்டேன்.

அடுத்தது எஞ்சின் வாங்குவது. பெங்களூருவில் பழைய உதிரிகளுக்குச் சிவாஜிநகரும் புதிய உதிரிகளுக்கு ஜே.சி. ரோடும் பலரும் போகும் இடங்கள். முதல்முறை நான் பார்த்த எஸ்டீம் எஞ்சினின் மேற்புறம் பளபளவென்று கழுவப்பட்டிருந்தது. என்னோடு வந்திருந்த ஆஸ்டின் டவுன் லேத் பட்டறை மேஸ்திரி எதுவும் பேசாமல், சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, எஞ்சின் எண் பொறித்திருந்த தட்டையான இடத்தின்மேல் தேய்த்தார். எண்களின் பள்ளங்களுக்கு இடையே கிரைண்டர் ஓடிய மெல்லிய கோடுகள் சாய்வாகத் தெரிந்தன. "தம்பி, இது நமக்கு வேணாம், கிளம்பு" என்று மட்டும் சொன்னார். அந்த எஞ்சின் திருட்டுப் பொருளா இல்லையா என்பது எனக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எண் தேய்க்கப்பட்ட எஞ்சினைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். பதிவு ரத்தான காரின் ஆவண நகல், விற்பவரின் அடையாளம், எஞ்சின் எண் எழுதிய ரசீது ஆகிய மூன்றும் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

எஞ்சினை மட்டும் தனியாக வாங்குவதைவிட, விபத்தில் பின்பக்கம் நொறுங்கிய எஸ்டீமின் முன்பாதியை முழுதாக, ஹாஃப் கட் என்று சொல்வார்களே, அப்படி வாங்குவது நல்லது. எஞ்சின், கியர் பாக்ஸ், ஒயரிங், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு., கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட், ரேடியேட்டர், முன் பிரேக் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியவையாகக் கிடைத்துவிடும். தனித்தனியாகத் தேடினால் பணமும் கூடும், ஒயர்களை இணைக்கும் ஒரு கப்ளர் பொருந்தாமல் இரண்டு வாரமும் போகும். பிந்தைய மாடல்களில் சாவியோடு பேசும் இம்மொபிலைசர் உண்டு. அதன் சாவியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஈ.சி.யு.வும் ஒரே காரிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் ஒரு நொடி இருமிவிட்டு நின்றுவிடும். உங்கள் ஜென் கார்புரேட்டர் மாடலாக இருந்தால் இந்த வேலைக்கு அதை எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. டாங்குக்குள் அழுத்தம் மிக்க பெட்ரோல் பம்பும் திரும்பி வரும் குழாயும் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும், எம்.பி.எஃப்.ஐ. ஜென்னில் அவை ஏற்கெனவே இருக்கின்றன.

வாங்கும் இடத்திலேயே நான்கு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும், அதாவது உள்ளே எழும் அழுத்தத்தையும், அளந்துவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து, நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். அளவு எவ்வளவு என்பதைவிட நான்கும் தங்களுக்குள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே முக்கியம். ஒன்றுக்கு மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அந்தச் சிலிண்டருக்குள் ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடி அளக்கவும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் வால்வையோ ஹெட் பேக்கிங்கையோ சந்தேகிக்கலாம்.

இனி பிரேக். புதிய எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். வேகம் 100இலிருந்து 120 கிலோமீட்டருக்கு ஏறினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. அந்தக் கூடுதல் முழுவதும் டிஸ்க்கில் வெப்பமாகத்தான் இறங்கும். எஸ்டீமின் முன் டிஸ்க், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் ஒரே தொகுப்பாக மாற்றுங்கள். காலிப்பரை மட்டும் மாற்றினால் பெடல் ஆழமாகப் போகும். ரப்பர் பிரேக் ஹோஸ்கள் இருபது வயதைத் தாண்டியவை, அவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை, புதிதாகப் போடுங்கள். பெரிய டிஸ்க்கைச் சுற்றி உங்கள் வீல் தடையில்லாமல் சுழல்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்த பிறகே நட்டை இறுக்குங்கள். பின்பக்க டிரம்மின் வீல் சிலிண்டர்களில் கசிவு இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள்.

ரேடியேட்டர் விஷயத்தில் பெங்களூருவுக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே 97 டிகிரி அருகிலேயே கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடியிலுள்ள ஸ்பிரிங்தான் உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, கொதிநிலையை நூற்றுக்கு மேலே தள்ளி வைக்கிறது. அந்த மூடியின் ரப்பர் காய்ந்து போயிருந்தால், சில்க் போர்டு சிக்னலில் இருபது நிமிடம் ஊர்ந்தாலே புதிய எஞ்சின் கொதித்துவிடும். எனவே எஸ்டீம் ரேடியேட்டரை அதன் மின்விசிறியோடு பொருத்தி, மூடியையும் தெர்மோஸ்டாட்டையும் புதிதாகவே வாங்குங்கள். இதே உயரம் இன்னொரு விதத்திலும் கணக்கில் வரும்: காற்றின் அடர்த்தி சென்னையைவிட இங்கே சுமார் பத்து சதவீதம் குறைவு என்பதால் எஞ்சினும் ஏறக்குறைய அந்த அளவு சக்தி குறைவாகவே தரும். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சரைப் பார்த்து, ஈ.சி.யு. அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே முழு 85 குதிரைத்திறனை இங்கே எதிர்பார்த்து ஈ.சி.யு.வைக் குறை சொல்ல வேண்டாம்.

இப்போது பழைய எஞ்சினைக் கழற்றலாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் பம்பின் ஃப்யூஸை உருவிவிட்டால், குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலைக் குடித்துவிட்டு அது தானாக நின்றுவிடும். இப்படி அழுத்தத்தை இறக்காமல் பெட்ரோல் குழாயைக் கழற்றினால் 2.5 பார் அழுத்தத்தில் முகத்தில் பீய்ச்சும். அதற்குப் பிறகு பாட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். உலர் பொடி நிரப்பிய தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆறிய எஞ்சினிலிருந்து கூலன்டையும், கியர் பாக்ஸ் ஆயிலையும் தனித்தனிப் பாத்திரங்களில் இறக்கி மூடி வையுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும். தெருநாய் நக்கினால் செத்துவிடும்.

ஒவ்வொரு கப்ளரையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து, இரு பாதியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரே எண்ணை எழுதுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள், மூன்றாவது வாரத்தில் எல்லாச் சாம்பல் கப்ளரும் ஒன்றுபோலவே தெரியும். பானெட், ரேடியேட்டர், ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள், ஹீட்டர் ஹோஸ்கள், கியர் ராடு, சைலன்சர் பைப் என்ற வரிசையில் கழற்றிக்கொண்டே வந்தால் சிக்கல் இருக்காது. சைலன்சர் போல்ட்கள் மட்டும் துருவேறி உடையும். முந்தின நாள் இரவே துரு ஆயிலை அடித்து ஊறவிடுங்கள்; மறுநாள் இறுக்கும் திசையில் ஒரு நூல் அளவு தட்டி அசைத்த பிறகு தளர்த்தினால் பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடும்.

தூக்குவதற்குச் செயின் பிளாக்கை வீட்டு உத்தரத்தில் மாட்டுவதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பால்கனி விளிம்பு தாங்கும் எடை வேறு, ஆடிக்கொண்டு தொங்கும் எஞ்சினின் எடை வேறு. எஞ்சின் கிரேனை நாள் வாடகைக்கு எடுப்பது பெரிய செலவல்ல. காரின் அடியில் வேலை செய்யும்போது ஜாக்கை மட்டும் நம்பாமல், இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, காரை ஒருமுறை தள்ளி அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போங்கள். கியர் பாக்ஸோடு சேர்த்து எஞ்சினைச் சாய்த்துத் தூக்கும்போது ஒருவர் கிரேனிலும், இன்னொருவர் எஞ்சினைப் பிடித்துத் திருப்புவதிலும் இருக்க வேண்டும். எஞ்சினுக்கு அடியில் யாருடைய கையும் காலும் வரக் கூடாது.

எஸ்டீம் எஞ்சின் தரையில் இருக்கும் இந்த நாட்கள்தாம் வேலையின் பொற்காலம். உள்ளே போன பிறகு இரண்டு மணி நேரம் பிடிக்கும் வேலையெல்லாம் இங்கே பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். டைமிங் பெல்ட்டும் அதன் டென்ஷனரும், வாட்டர் பம்ப், கிராங்க் முன்பின் ஆயில் சீல்கள், வால்வு கவர் பேக்கிங் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். பெல்ட்டை மாட்டிய பிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மீண்டும் நேருக்கு நேர் வருகின்றனவா என்று பாருங்கள். வழியில் எங்காவது கட்டியாகத் தடுத்தால் பலம் போடாதீர்கள். பெல்ட் பல் தவறியிருக்கலாம். ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து ஒரு சீவு சீவி வாங்கி, எஸ்டீமின் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கிளட்ச் பிளேட்டை நடுவில் பிடிக்கும் கருவி இல்லாமல் பிரஷர் பிளேட்டை இறுக்கினால், கியர் பாக்ஸ் கடைசி அரை அங்குலம் உள்ளே போக மறுக்கும். அப்போது போல்ட்டை இறுக்கி இழுத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள், கியர் பாக்ஸின் காது உடையும்.

கியர் பாக்ஸ் எதை வைப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில், எஞ்சினோடு வந்ததையே வையுங்கள் என்பதுதான். ஜென்னின் கியர் பாக்ஸ் சின்ன எஞ்சினின் சக்திக்கு அளவெடுத்துச் செய்தது. ஆனால் டிரைவ் ஷாஃப்ட்டின் நீளத்தையும் இரு முனைகளின் பற்களையும் எண்ணிப் பார்த்தே முடிவெடுங்கள். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் எங்கே ஆரம்பித்தோம் என்பது பாதியிலேயே மறந்துவிடும். சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும், சஸ்பென்ஷன் அழுந்தியிருக்கும்போதும் உள் மூட்டுக்கு இரண்டு பக்கமும் அசைய இடம் மிச்சமிருக்க வேண்டும்.

இனி எஞ்சினை இறக்கலாம். எஞ்சினைக் காரோடு தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங் போல்ட்கள் எல்லாவற்றையும் முதலில் கையால் இரண்டு மூன்று சுற்று மட்டும் மாட்டி, எஞ்சின் தானாக உட்கார்ந்த பிறகு, சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் மவுண்டிங் ரப்பர் முறுகியபடியே நிற்கும், கார் ஓடாமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது ஸ்டியரிங் வரை அதிரும். ஜென் எஞ்சினின் பிஸ்டன் பயணம் 61 மில்லிமீட்டர், எஸ்டீமினுடையது 75.5. இப்படிப் பயணம் நீண்ட எஞ்சின் சற்று உயரமாகவும் இருக்கக்கூடும் என்பதால், பானெட் இடிக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சப்பாத்தி மாவை எலுமிச்சை அளவுக்கு உருட்டி, இன்டேக்கின் மேலும் வால்வு கவரின் மேலும் நாலைந்து இடத்தில் வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். மாவு நசுங்கி நிற்கும் தடிமன்தான் உங்களுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி. அது ஒரு விரல் தடிமனுக்குக் குறைந்தால், எஞ்சின் முன்பின் சாயும்போது உரசும். மவுண்டிங்கைச் சரிபார்க்க வேண்டும்.

பெட்ரோல் குழாய்களில் சிக்கனம் பார்க்காதீர்கள். இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. இருபது ஆண்டுப் பழைய ரப்பர் அதில் ஊறி வெடிக்கும். எத்தனாலைத் தாங்கும், இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கென்றே செய்த ஹோஸையும், முழு வட்டமாக இறுக்கும் கிளிப்பையும் வாங்குங்கள்.

ஒயரிங்கில் எல்லாரும் மறப்பது எர்த். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே போகும் பின்னல் ஒயரை நான் ஒருமுறை மாட்ட மறந்துவிட்டேன். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் முனகியது. இரண்டாவது முறை திருப்பியபோது ரப்பர் கருகும் வாடை வந்தது. ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்ட என் தங்கை கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள். ஸ்டார்ட்டருக்குத் திரும்பிப் போக வேறு வழியில்லாத மின்சாரமெல்லாம் அந்த மெல்லிய கம்பி வழியாகப் போய், உறையை உருக்கி, கம்பியை உள்ளேயே ஒட்டவைத்திருந்தது. எஞ்சின் மட்டும் அப்போது கிளம்பியிருந்தால், ஆக்ஸிலரேட்டர் திறந்தபடியே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதிலிருந்து, எர்த் மாட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, வெள்ளை உலோகம் தெரியும்வரை எமரி தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவிய பிறகுதான் பாட்டரியைக் கையில் எடுக்கிறேன்.

முதல்முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில், கூலன்ட், கியர் பாக்ஸ் ஆயில் மூன்றையும் ஊற்றிவிட்டோமா என்று இன்னொருவரிடம் சொல்லிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் பம்ப் ஃப்யூஸையும் இக்னிஷன் கப்ளரையும் கழற்றிவிட்டு, பிளக்குகள் இல்லாமல், பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஆயில் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். அதன் பிறகு எல்லாவற்றையும் மாட்டி, சாவியை ஆன் செய்து, பம்ப் ஓடும் சத்தம் கேட்டபின் ஒவ்வொரு பெட்ரோல் மூட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யலாம். ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து வைத்துக் காற்றுக் குமிழிகள் வெளியேறும்வரை கூலன்டை நிரப்பிக்கொண்டே இருங்கள். விசிறி ஒருமுறை தானாக ஓடி நிற்பதைக் கண்ணால் பார்க்காமல் காரை முற்றத்தைவிட்டு வெளியே எடுக்க வேண்டாம். எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் மாஸ்கிங் டேப்பில் எண் மாறிப்போன ஒரு கப்ளராகத்தான் இருக்கும். ஆக்சிஜன் சென்சரையும் காட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கழற்றி எறிந்தால் கார் வேகமாகும் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், ஈ.சி.யு. பெட்ரோல் அளவைத் திருத்திக்கொள்வது அந்த ஆக்சிஜன் சென்சரின் சொல்லை வைத்துத்தான்.

முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு மவுண்டிங், டிரைவ் ஷாஃப்ட் நட், பிரேக் காலிப்பர் போல்ட் ஆகியவற்றை டார்க் ரெஞ்சால் மீண்டும் சரிபார்த்து, வீல் அலைன்மென்ட் செய்துகொள்ளுங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலை இறக்கி, ஃபில்டரின் தகட்டை வெட்டி, உள்ளேயுள்ள மடிப்புத் தாளைச் செய்தித்தாளின்மேல் விரித்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கருப்புப் பிசுக்கு இருந்தால் கவலையில்லை. காந்தத்தில் ஒட்டாத, செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மின்னும் துகள்கள் தென்பட்டால் அவை பேரிங்கிலிருந்து வந்தவையாக இருக்கலாம். அன்றே காரை நிறுத்திவிட்டு ஆயில் பானைக் கழற்றுங்கள்.